ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால்

டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக மேலே போகும் பழைய பாதையில், அந்த மாதங்களில் ஏறுகிற கூட்டத்துக்குள் தோட்டக் குடும்பங்களை இனங்காண்பது கடினமில்லை. பேரப்பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள். நடுவில் வருவது கொழும்பிலோ அவிசாவளையிலோ வேலை தேடிக்கொண்ட மகளும் மருமகனும், பத்துப் படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கியபடி. கடைசியில், எந்த அவசரமும் இல்லாமல், தாத்தாவும் அம்மாயியும். “இந்த வயசுல ஏறிருவீங்களா?” என்று மகள் கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: “ஏறிருவோம் புள்ள. எறங்குறதுதான் யோசனையா இருக்கு.”

சரியான யோசனை. மலை நடையைப் பற்றி எழுதியவர்கள்கூட நெடுங்காலம் இறக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 1892-இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார். சமதரையில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இன்றும் மலை நடைக்காரர்கள் இதைத்தான் மனக்கணக்காகப் போடுகிறார்கள். இறக்கத்துக்கு அவர் நேரம் எதுவும் ஒதுக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து எரிக் லாங்முயர் என்பவர் திருத்தினார். மென்மையான சரிவில் 300 மீட்டர் இறங்கினால் 10 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 12 பாகைக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவென்றால் அதே 10 நிமிடத்தைக் கூட்ட வேண்டும். சிவனொளிபாதத்தின் படிக்கட்டுகள் எந்த வகை என்று போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மலையின் உயரம் 2,243 மீட்டர். ஹற்றன் பக்கத்து நல்லதண்ணியிலிருந்து ஏறுபவர்கள் ஏற்கெனவே பாதி உயரத்தில் நிற்கிறார்கள். சுமார் ஆயிரம் மீட்டர் ஏறினால் போதும். இரத்தினபுரிப் பக்கம் மிகத் தாழ்விலிருந்து தொடங்குவதால் ஏற்றமும் கூட, தூரமும் கூட. சப்ரகமுவக்காரர்கள் இந்த வழியைச் சற்றுப் பெருமையோடு சொல்வதற்கு அது ஒரு காரணம். 1344-இல் இங்கே வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா மலைக்கு இரண்டு வழிகள் இருப்பதையும், பாறையில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் தொங்குவதையும் எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடலை ஆயிரம் மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய 5,88,000 யூல், அதாவது 140 கிலோகலோரி. தசை அவ்வளவு சிக்கனமான இயந்திரமில்லை. எரிக்கும் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உண்மையில் எரிவது 560 கிலோகலோரி அளவு, ஒரு வேளைச் சோறும் கறியும். அதை எரிக்க ஒட்சிசன் வேண்டும், ஒட்சிசனைக் கொண்டுவர நெஞ்சு அடிக்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு முட்டுவதன் முழுக்கதையும் இதுதான்.

இறக்கத்துக்கு வருவோம். உச்சியில் நிற்கும் அந்த 60 கிலோ உடலில் அதே 5,88,000 யூல் சேமிப்பாக இருக்கிறது. கீழே வந்து சேரும்போது அது முழுவதும் எங்காவது போயாக வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து கொழுந்து ஏற்றிக்கொண்டு பெக்டரிக்கு இறங்கும் லொறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே எஞ்சினுக்கு வேலை குறைவு, பிரேக்குக்குத்தான் வேலை. மனித உடலில் அந்தப் பிரேக் முன்தொடைத் தசை. ஒரு படி இறங்கும்போது முன்னே வைத்த காலின் முழங்கால் மடங்குகிறது, மடங்கும்போது முன்தொடைத் தசை நீள்கிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. ஏறும்போது சுருங்கி வேலை செய்த அதே தசை, இறங்கும்போது நீட்டப்பட்டபடி வேலை செய்கிறது.

இந்த இரண்டும் தசைக்கு ஒன்றல்ல. தசையிழைக்குள் மயோசின் என்ற புரதத்தின் நுண்ணிய தலைகள் அக்டின் இழையைப் பிடித்து இழுக்கின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும் உடலின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். தசையை வெளியிலிருந்து இழுத்து நீட்டும்போது, பிடித்த தலைகள் பல அந்தச் செலவில்லாமலே பலவந்தமாகப் பிடுங்கப்படுகின்றன. டைட்டின் என்ற இன்னொரு நீண்ட புரதம் இழுபட்டு எதிர்த்து நிற்கிறது. விளைவு விசித்திரமானது. நீளும் தசை சுருங்கும் தசையைவிட அதிக விசை தருகிறது, செலவோ குறைவு.

இதை நிரூபித்த பரிசோதனை உடலியல் வரலாற்றிலேயே வேடிக்கையான ஒன்று. 1952-இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார், மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்துவார். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் எதிர்ப்பவர் செலவிட்ட ஒட்சிசன் பல மடங்கு குறைவு. லண்டன் ரோயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, எதிர்த்து அழுத்திய சிறிய உருவப் பெண் ஒருவர் மிதித்துக்கொண்டிருந்த பெரிய ஆணைச் சீக்கிரமே களைக்கச் செய்ததைப் பார்த்துச் சபை சிரித்ததாம். அந்த மூவரில் பிக்லண்டும் ரிச்சியும் வாழ்க்கையிலும் இணைந்தவர்கள். தசைச் சோர்வு ஆய்வில் அந்த அம்மையார் பின்னர் பிரெண்டா பிக்லண்ட்-ரிச்சி என்ற பெயரிலேயே புகழ்பெற்றார்.

இத்தாலிய ஆய்வாளர் அல்பேர்ட்டோ மினெட்டி 2002-இல் இதைச் சரிவு சரிவாக அளந்தார். சமதரையில் நடக்க ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் நகர்த்த 1.64 யூல். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில் அது 0.81 ஆகக் குறைகிறது. மனித நடையிலேயே மலிவான நடை அதுதான். நூற்றுக்கு 45 ஏறும் செங்குத்தில் 17.33. அதே செங்குத்தில் இறங்க 3.46. ஏற்றத்தோடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு, சமதரையோடு பார்த்தால் இரண்டு மடங்கு. மூச்சைப் பொறுத்தவரை இறக்கம் எந்தச் சரிவிலும் ஏற்றத்தைவிட இலேசு. அதனால்தான் இறங்கும்போது எல்லாரும் கதை பேசிக்கொண்டே வருகிறார்கள். உடம்பு எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. எச்சரிக்கை வருவது மறுநாள் மாலை, லயத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு எழும்பப் பார்க்கும்போது.

நீண்டபடி வேலை செய்யும் தசையில் விசை அதிகம், அதைத் தாங்கும் மயோசின் தலைகள் குறைவு. பாரம் அதிகம் விழும் இடங்களில் தசையிழையின் நுண்ணிய கண்ணிகள் கிழிகின்றன. ஒருநாள், இரண்டுநாள் கழித்து வீக்கமும் வலியும் உச்சத்துக்கு வரும். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-இலேயே இந்தத் தாமத வலியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இருந்தும் ‘லக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்ற விளக்கம் இன்றுவரை பாடசாலை மைதானங்களில் உயிரோடிருக்கிறது. உழைத்து முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும் ஒன்று, இரண்டாம் நாள் வலிக்குக் காரணமாக முடியாது. சித்தாலேப தடவினால் தோலுக்கு இதமாக இருக்கும், கிழிந்த கண்ணி தன் நேரத்தில்தான் சரியாகும்.

ஆனால் சரியாகும்போது தசை பாடம் படித்துக்கொள்கிறது. ஒருமுறை இறக்கத்தில் வலிகண்ட தசை, சில வாரங்களுக்குள் மீண்டும் அதே இறக்கத்தைச் சந்தித்தால் பாதி வலிகூட இருக்காது. இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கில். ஒரு வருடம் நிற்காது. மலையுச்சியில் எத்தனை முறை ஏறினோமோ அத்தனை தரம் மணியடிக்கும் வழக்கம் உண்டு. முப்பது தரம் அடிக்கிற பெரியவரின் பக்தியில் ஐயமில்லை. அவருடைய தொடைத் தசைக்குப் போன வருடப் பருவம் ஞாபகமிருக்காது. இடையிலுள்ள மாதங்களில் அவர் சரிவில் நடந்தாரா என்பதுதான் கேள்வி.

பேரப்பிள்ளைகளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். பருவமடையாத சிறுவர்களின் தசைக்குக் களைப்பைத் தாங்கும் தன்மை இயல்பிலேயே கூடுதல். எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களைப் பயிற்சியில்லாத பெரியவர்களோடும் தேர்ந்த நெடுந்தூர விளையாட்டு வீரர்களோடும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. உழைப்புக்குப் பின் மீளும் வேகத்தில் சிறுவர்கள் வீரர்களுக்குச் சமமாக நின்றார்கள், சிலவற்றில் மிஞ்சினார்கள். இறங்கி வந்த கையோடு “இன்னொருக்கா போவோமா தாத்தா?” என்று கேட்பவன் வாய்க்கொழுப்பில் கேட்கவில்லை.

முதுமை என்ன செய்கிறது? நெஞ்சு அடிக்கக்கூடிய உச்ச வேகம் வயதோடு குறைகிறது. 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் வரும் சராசரிக் கணக்கின்படி, இருபது வயதில் நிமிடத்துக்கு 194, அறுபத்தைந்தில் 162 அல்லது 163. ஒட்சிசனை உள்ளிழுத்துப் பயன்படுத்தும் திறனும் உடற்பயிற்சி இல்லாதவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஏறக்குறைய பத்து வீதம் இறங்குகிறது. தசையும் கரைகிறது. ஏற்றம் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். ஆனால் இந்தத் தேய்மானக் கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. வயதாகும்போது சுருங்கி இழுக்கும் பலம் குறைகிற அளவுக்கு, நீண்டு தாங்கும் பலம் குறைவதில்லை. வயதோடு தசையும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுவும் விறைத்துக்கொள்வதை இதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எஞ்சின் தேய்ந்தாலும் பிரேக் ஓரளவு நிற்கிறது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது இரட்டை முக்கியம். இரக்குவானை, பெல்மதுளை, எட்டியாந்தோட்டை, தெரணியகல என்று சப்ரகமுவத் தோட்டங்கள் எல்லாம் சரிவுகளில்தான் கிடக்கின்றன. பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறி, படங்கு கட்டிக் கொழுந்து பறித்து, நிறுவைக்கு நிறைகூடையோடு இறங்கிய பெண்ணின் தொடைகள், பாரத்தோடு இறங்கும் பயிற்சியைப் பல பத்தாண்டு நாள்தோறும் செய்தவை. கேகாலைப் பக்கத்து ரப்பர் மலைகளில் விடியுமுன் மரம் மரமாகப் பால்வெட்டிவிட்டு வாளியோடு இறங்கியவருக்கும் அப்படியே. ஆனாலும் தோட்ட வேலையை உடற்பயிற்சி என்று யாராவது புகழ்ந்தால் அதை நான் ஏற்கமாட்டேன். உடற்பயிற்சியில் ஓய்வும் சாப்பாடும் நடப்பவர் கையில் இருக்கும். கொழுந்துக் கூடையில் அவை இருந்ததில்லை. பலமும் தேய்மானமும் ஒரே கூடையில் வந்தவை.

பிறகு ஓய்வு வருகிறது. ஊழியர் சேமலாப நிதியை, தோட்டத்தில் எல்லாரும் சொல்கிற ஈ.பி.எப்.பை, ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். எடுத்த பலர் பிள்ளைகளோடு பட்டணத்துச் சமதரைக்குப் போகிறார்கள், அல்லது லயத்து வாசலோடு நின்றுவிடுகிறார்கள். ‘இவ்வளவு காலம் நடந்தது போதும்’ என்ற அவர்களின் நியாயத்தை மறுக்க எனக்கு வாய் வராது. தசைக்கு அந்த நியாயம் புரியாது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் கிடத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. வாசற்படி படுக்கையில்லைதான், ஆனால் திசை அதே திசை.

இறங்கு நடையைத் தனி மருந்தாகவே பரிசோதித்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பேர்க் மலைப்பகுதியில் ஹைன்ஸ் டிரெக்சல் குழுவினர் 45 பேரைச் சேர்த்து, இரண்டு மாதம் மலையேறி நடந்து கேபிள் காரில் இறங்கவும், இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்கவும் வைத்தார்கள். இரத்தத்தின் கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. டிரைகிளிசரைட் ஏறியபோது குறைந்தது. சீனியைக் கையாளும் உடலின் திறன் மேம்பட்டது இறங்கியபோது! தாய்வானில் உடற்பருமன் கொண்ட முதிய பெண்கள் 30 பேரில் ஒரு பாதியினர் 12 வாரம் மாடிப்படி ஏறினார்கள். மறு பாதியினர் லிஃப்டில் போய்ப் படியில் இறங்கினார்கள். 2017-இல் வெளியான முடிவில் இன்சுலின் செயற்பாடு, எலும்பு அடர்த்தி, உடற்சமநிலை, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் இறங்கியவர்களே முன்னால் நின்றார்கள்.

முழங்காலைப் பற்றிக் கேட்காமல் யாரும் இதை நம்பமாட்டார்கள். செயற்கை முழங்கால் பொருத்தியவர்களின் மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்து ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள். சமதரை நடையில் மூட்டின்மேல் உடல் எடையின் 2.6 மடங்கு பாரம். படி ஏறுகையில் 3.2 மடங்கு, இறங்குகையில் 3.5 மடங்கு. அம்மாயி 50 கிலோ என்றால், ஒவ்வோர் இறங்கு படியிலும் ஒற்றை முழங்காலில் 175 கிலோ. அதைக் குறைக்க மிக எளிய வழி கம்பு. இரண்டு கைக்கும் ஊன்றுகம்பு வைத்துச் சரிவில் இறங்கியவர்களிடம் முழங்கால் விசை 12 முதல் 25 வீதம் வரை குறைந்ததை 1999-இல் அளந்து காட்டினார்கள். கடையில் வாங்கும் அலுமினியக் கம்புதான் வேண்டுமென்றில்லை. இடுப்பளவு நீளமும், கையில் நிற்கும் கனமும், வழுக்காத நுனியும் இருந்தால் கொய்யாக் கம்பும் போதும், ஆனால் இரண்டு. படியைச் சின்னதாக வைப்பதும், உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்குவதும் அதே வேலையைச் செய்யும். ரப்பர் செருப்போடு மட்டும் இறங்கக் கூடாது. நீரிழிவால் பாதத்தின் உணர்வு குறைந்தவருக்கு விரலிடுக்கில் கிழிந்தது வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

உயரத்தால் வரும் கஷ்டம் பெரிதில்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்கு. சில மணி நேரத்துக்கு ஆரோக்கியமானவர்களை அது படுத்தாது. குளிர்தான் ஏமாற்றும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு பாகை அளவில் குறைந்துகொண்டே போகும். இரத்தினபுரிப் புழுக்கத்தில் வியர்வையோடு கிளம்பியவர் ஈரச் சட்டையோடு உச்சியில் சூரியன் வரக் காத்திருப்பார். காய்ந்த மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தால் போதும்.

அட்டையை விட்டுவிட்டு இந்தக் காட்டைப் பற்றி எழுத முடியாது. ஹெமாடிப்சா செய்லானிக்கா என்று இலங்கையின் பெயரையே விஞ்ஞானப் பெயரில் சுமக்கும் தரை அட்டை, நம் மூச்சையும் உடற்சூட்டையும் காலடி அதிர்வையும் வைத்து நம்மைக் கண்டுபிடிக்கிறது. அட்டைகளின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. மருத்துவ அட்டையில் இந்தத் தன்மையை ஜோன் ஹேக்ராஃப்ட் 1884-இல் காட்டினார். ஹிருடின் என்ற அந்தப் பொருளின் வழியில்தான் இன்றைய இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் சில வந்தன. இபின் பதூதா இந்த மலையின் அட்டைகள் மனிதர்மேல் பாய்வதாகவும், எலுமிச்சை பிழிந்தால் விழுந்துவிடுவதாகவும் எழுதினார். எலுமிச்சையை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், பாய்ச்சலை உயிரியலாளர் பலர் ஒப்பவில்லை. 2024-இல் மடகஸ்கார் அட்டை ஒன்று இலையிலிருந்து உடலைச் சுருட்டிப் பாய்வதைக் காணொளியோடு வெளியிட்டார்கள். வேறு இனம்தான், ஆனாலும் பழைய பயணியின் பேச்சுக்கு இப்போது கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. எலுமிச்சை, சவர்க்காரம், உப்பு என்று தோட்டத்து வைத்தியங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் முழங்காலுக்கு மேல் வரும் அட்டைக் காலுறையைப் போட்டுக்கொள்வது நல்லது.

எல்லாரும் சிவனொளிபாதம் ஏறத்தான் வேண்டுமென்றில்லை. கேகாலைப் பக்கத்தில் 798 மீட்டர் பத்தலேகல பாறை இருக்கிறது. 1988-இல் உலக மரபுரிமையான சிங்கராஜக் காட்டுக்குள் இரத்தினபுரிப் பக்கத்துக் குடாவ வாசலால் போகலாம். பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்டுத் தீராத இடம் அது. குருவிட்டவுக்கு அருகே போபத் எல்லை நீர்வீழ்ச்சி வரை போய்த் திரும்பினால் அரைநாள். ஆனால் மழைக்காலத்தில், மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில், இவற்றில் எதுவும் வேண்டாம். 2016 மே மாதம் அரநாயக்காவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது பத்தலேகல இருக்கும் இதே கேகாலை மாவட்டத்தில்தான்.

பருவத்துக்குப் போக எண்ணியிருக்கும் தம்பதியர் ஒக்டோபர் கடைசியிலாவது இறங்கு நடையைத் தொடங்க வேண்டும், அதுவும் தோட்டத்துக்குள்ளேயே. வைத்தியரிடம் நெஞ்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு, முதல் வாரம் பத்து நிமிட இறக்கம், அடுத்த வாரம் இருபது. கொழுப்புக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வழக்கத்துக்கு மாறான தசைவலியோ கடும் பழுப்பு நிறச் சிறுநீரோ கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஆஸ்திரியக் கேபிள் காரும் தாய்வான் லிஃப்டும் இங்கே ஆட்டோ உருவத்தில் நிற்கின்றன. மேற்கணக்கு வரை ஆட்டோவில் போய், அங்கே இறங்கி, இரண்டு கம்போடு பெக்டரி றோட்டில் நடந்து வந்தால் போதும். காசு கொடுத்து ஏறி, நடந்து இறங்குகிற இந்தக் கிழவன் கிழவிக்கு என்ன ஆச்சு என்று கடைச் சந்தியில் இரண்டு வாரம் பேசுவார்கள். மூன்றாவது வாரம் ஆட்டோக்காரரே திரும்பு வாடகையைக் கழித்துக்கொண்டு, ஏறும் வாடகையை மட்டும் கேட்பார்.